நாலு சக்கரம், நாலு எலுமிச்சம்பழம்

நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடந்தன. சாறு சிமெண்டுத் தரையில் காய்ந்துபோய், மேலே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஹேமநாத் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூஜை போட்டுச் சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்தது நேற்று சாயங்காலம். அதன்மேல் ஏற்றிக்கொண்டு படவேடு கோயிலுக்குக் கிளம்ப வேண்டியது இன்று காலை. நடுவில் யாரோ வண்டியை எடுத்துப்போய்ச் சுற்றிவிட்டு, ஒரு சாண் முன்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.

உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடி இருந்தது. நிறுத்தத் தெரிந்தவன் நிறுத்தியதுதான் என்று முடிவு கட்டினார்.

அவரைத் தவிர சாவி இருந்தது டிரைவர் அய்யாக்கண்ணுவிடம் மட்டும். ஹேமநாத்தின் அப்பா பட்டுப் புடவைக் கட்டுகளை வேனில் அனுப்பிய காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு ஸ்டீயரிங் பிடிப்பவர். சந்தவாசலில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு ஒரு ராத்திரி வண்டி கிடைக்குமா என்று நேற்றுதான் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். பூஜைகூட ஆகவில்லை, அதற்குள்ளா என்று ஹேமநாத் கடிந்துகொண்டார்.

ஏழு பேர் தாராளமாக உட்காரும் பெரிய வண்டி. வேலூரில் ரிட்டயரான ஓர் ஆபீசரிடம் வாங்கி நேற்று மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தது. செகண்ட் ஹேண்ட் என்றாலும் ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மனைவி தீபாவுக்குத்தான் யார் கண் பட்ட வண்டியோ என்று உறுத்தல். பூஜைக்காகக் கழுவும்போது டிக்கியில் சாக்குத் துணியில் சுற்றிய கருங்கல் ஒன்று அகப்பட்டது. செய்வினைதான் என்று பயந்துபோய், கையால் தொடாமல் முறத்தில் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்ட பிறகுதான் அவள் பழமே வைத்தாள்.

அய்யாக்கண்ணு வந்ததும் ஹேமநாத் கேட்டைச் சாத்தினார். தெருவில் ஏற்கெனவே நாலு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி எங்க எடுத்துகினு போன?"

"நான் தொடவே இல்ல மொதலாளி."

"அப்ப இன்னா, வண்டி தானா போய்ட்டு வந்துச்சா?"

அய்யாக்கண்ணு குனிந்து நசுங்கிய பழத்தைப் பார்த்தார். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். திருட்டுத்தனமாக வண்டி எடுத்தவன் என்ற பெயரோடு போனால் ஆரணியில் ஒருத்தரும் சாவி கொடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

தீபாதான் வழி சொன்னாள். நல்ல நாளும் அதுவுமாகச் சத்தம் வேண்டாம், பழம் நசுங்கிய இடத்திலேயே கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணட்டும் என்றாள். அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராதபடி மேடாக்கிக் கட்டிய வீடு. போர்டிகோவிலிருந்து கேட் வரை சரிவு. அந்தச் சரிவில், பம்பருக்கும் கேட்டுக்கும் நடுவே குத்துக்காலிட்டு, சக்கரத்துக்கு முன்னால் கற்பூரத்தை வைத்தார். தீப்பெட்டியை உரசினார். கோயிலுக்குப் போகிற குஷியில் பிள்ளைகள் இரண்டும் முன்கூட்டியே ஏறி, பின் சீட்டில் குதித்துக்கொண்டிருந்தன.

ஹேமநாத்தின் சட்டைப் பைக்கு இன்னும் செல்போன் வராத காலம். உள்ளே ஹாலில் போன் அடித்தது. தீபா ஓடிப்போய் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ரிசீவரும் கையுமாக ஜன்னலில் தெரிந்தாள்.

"ஏங்க, வேலூர்க்காரரு. அந்த வருஷத்து வண்டிய எல்லாம் கம்பெனில திருப்பிக் கூப்பிடறாங்களாம். இன்னாவோ ஃப்ரீயா மாத்தித் தராங்களாம். அதுவரைக்கும்..." அவள் குரல் உள்ளே இறங்கியது. "டிக்கில இருக்கிற கல்லத் தூக்கிப் போட்டுடாதீங்கன்றாரு."

ஹேமநாத்துக்கு எரிச்சலாக வந்தது. "கம்ப்ளைண்டே இல்லாத வண்டிய எதுக்குக் கூப்பிடறான்? அப்புறம் பேசறேன்னு சொல்லு." அய்யாக்கண்ணுமேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவே இல்லை. "நீ ஜல்தியா அடி."

கற்பூரம் பற்றி எரிந்தது. அய்யாக்கண்ணு கண்ணை மூடி, உதட்டுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக் கையை ஓங்கினார். கண்ணைத் திறந்தவர், ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டார். அந்தக் கை கற்பூரத்தின்மேல் விழவே இல்லை.

"பொய்ச் சத்தியம்னா கை கூசத்தானே செய்யும்" என்றார் ஹேமநாத். நெஞ்சு ஆறவில்லை அவருக்கு. இத்தனை வருஷம் வீட்டில் ஒருவராக வைத்திருந்த மனுஷன்.

சொல்லி முடித்த பிறகுதான் கற்பூரம் அணைந்திருப்பதைப் பார்த்தார். அதன்மேல் சக்கரம் ஏறியிருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பிள்ளைகள் பின்னால் இன்னும் குதித்துக்கொண்டிருந்தன. அய்யாக்கண்ணு இரண்டு கையாலும் பம்பரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, வெறுங்கால் வழுக்க வழுக்கப் பின்னால் போய், முதுகு கேட்டில் முட்டி நின்றார்.

கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, சத்தம் போடாமல் சொன்னார்:

"சத்தியம் அப்புறம் பண்றேன் மொதலாளி, மொதல்ல ஒரு கல்லு எடுத்துகினு வாங்க."