எதிர்க்குழித் தண்ணீர்

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரத்தின் ஒரு குழியில், ஆய்வக உதவியாளர் ஜெபக்கனி ஒரு சோதனைக் குழாய் ரத்தத்தை வைத்தாள். நேர் எதிர்க்குழியில் அதே எடைக்கு இன்னொரு குழாயில் வெறும் தண்ணீரை வைத்தாள்.

ரத்தத்துக்குப் பொறுக்கவில்லை. "எனக்குச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கப் போகிறார்கள். உனக்கு?"

"ஒன்றும் பார்க்க மாட்டார்கள். நான் குழாய்த் தண்ணீர்."

"அப்புறம் என் எதிரே உனக்கென்ன வேலை?"

அதற்குள் மூடி விழுந்து எந்திரம் சுற்றத் தொடங்கியது. வேகம் ஏற ஏற, எங்கே எகிறி விழுந்து உடைவோமோ என்று ரத்தம் வெலவெலத்துப் போனது.

"என்னையே பார்த்துக்கொண்டிரு. நீ இழுக்கிற அளவுக்கு நானும் இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறேன்," என்றது தண்ணீர்.

கொஞ்சமும் ஆட்டமில்லாமல் சுழன்று, எந்திரம் மெல்ல நின்றது. ரத்தம் தன்னைக் குனிந்து பார்த்தது. சிவப்பெல்லாம் அடியில் படிந்திருக்க, மேலே தேன் நிறத்தில் தெளிவாக ஒன்று மின்னியது.

"இது எனக்குள்ளேயா இருந்தது?"

"வருகிற எல்லோருக்குள்ளும் இருக்கிறது. தெரிந்துகொண்டு வந்தவர்தான் ஒருவரும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது," என்றது தண்ணீர்.

ஜெபக்கனி ரத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த குழாயை வைத்தாள். "எதிரே யார் இது, வெறும் தண்ணீரா?" என்றது புது ரத்தம்.

வெளியே போய்க்கொண்டிருந்த ரத்தம் திரும்பிச் சொன்னது: "அவரை விட்டுக் கண்ணை எடுத்துவிடாதே."