இரண்டு பட்டியலிலும் ஒரே ரத்தம்

"மாட்டினாங்க!" என்று கணக்குக்காரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு எண்கள் சிவப்பாகத் தெரிந்தன. 7, 903. இரண்டு ரத்தத்திலும் மரபணு அச்சு அசலாக ஒன்று.

கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் ஏன் வருகிறது, மரபணுவில் அதற்குத் தடயம் இருக்கிறதா என்று தேடும் ஆராய்ச்சி அது. நோய் வந்த பெண்களுக்கு ஒரு பட்டியல், நன்றாக இருக்கும் பெண்களுக்கு ஒரு பட்டியல். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுக் கணக்குப் போடுவது இவள் வேலை.

ஏழு, நன்றாக இருப்பவர்கள் பட்டியலில். தொள்ளாயிரத்து மூன்று, நோயாளிகள் பட்டியலில். ஒரே பெண் இரண்டிலும் எப்படி இருப்பாள்?

ரத்தத்தோடு வந்த இரண்டு விவரச் சீட்டிலும் ரத்தம் எடுத்தவர் கையெழுத்து ஒன்றுதான். டியூப் அக்கா!

ஆயிரம் பெண்களிடம் பேசிப் பேசி ரத்தம் சேகரித்த நர்ஸை ஆபீஸே அப்படித்தான் கூப்பிடும். வெளிநாட்டு மாநாட்டில் பேச இருந்த ஒரே ஓர் இடத்தையும் புரொபசர் அவளுக்கே தூக்கிக் கொடுத்திருந்தார். மூன்று வருடமாகக் கணக்குப் போட்டுக் கண் பூத்துப்போன ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது!

அது மட்டுமா? வெள்ளிக்கிழமை ஆனால் டியூப் அக்கா மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "சொந்த வேலை சார்" என்றால் போதும், புரொபசர் மறுபேச்சுப் பேசமாட்டார். இவள் அரைமணி நேரம் பர்மிஷன் கேட்டால் ஆயிரம் கேள்வி.

ஒரே வருடத்தில் டியூப் அக்கா பதினைந்து கிலோ வேறு இளைத்திருந்தாள். "ஜிம்முக்குத்தான் போறாங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை!" என்று கணக்குக்காரி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள். பருமன் கூடினால் இந்த நோய்க்கு வாய்ப்பும் கூடும் என்று கணக்கில் பார்த்த நாளிலிருந்து இவளும் பட்டினி கிடக்கிறாள். ஒரு கிலோ இறங்கினால் இரண்டு கிலோ ஏறுகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சீட்டுகளோடு புரொபசர் அறைக்குள் நுழைந்தாள்.

"இரட்டைப் பிறவியா இருக்கலாமேம்மா?" என்றார் அவர்.

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு ரெண்டு சீட்டிலும் எழுதியிருக்கு சார். அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க."

டியூப் அக்கா வந்தாள். சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள்.

"யாரோட ரத்தம்மா இது?"

"என்னோடதுதான் சார். ரெண்டுமே."

"பார்த்தீங்களா சார்!" கணக்குக்காரி கைதட்டாத குறை. "ஆள் கிடைக்கலைன்னு தன் ரத்தத்தையே ஊத்தி நிரப்பியிருக்காங்க. இவங்களைத்தான் மாநாட்டுக்கு அனுப்பப் போறீங்க!"

"தேதியைப் பாரும்மா" என்றாள் டியூப் அக்கா.

ஏழாம் சீட்டு நான்கு வருடத்துக்கு முந்தையது. மற்றது போன வருடத்தது.

"ஆரம்பத்துல ரத்தம் கொடுக்க எல்லாரும் பயந்தாங்க. 'பாருங்க, நானே கொடுக்கறேன்'னு கையை நீட்டினேன். அப்போ எனக்கு ஒண்ணும் இல்லை." இரண்டாவது சீட்டைத் தொட்டாள். "போன வருஷம் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமைதான் மருந்து ஏத்தறாங்க."

கணக்குக்காரிக்கு அந்தப் பதினைந்து கிலோ ஞாபகம் வந்தது.

"என்கிட்டகூடச் சொல்லலையேம்மா" என்றார் புரொபசர். "ஏழாம் எண்ணையாவது அப்பவே எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் தினமும் வருவேன் சார். மனசு வரலை."

டியூப் அக்கா கணக்குக்காரியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை.

"நீ சரியாத்தான் பிடிச்சிருக்கே. மாநாட்டுக்கும் நீயே போயிட்டு வாம்மா. அது வெள்ளிக்கிழமை வருது."

"அக்கா..."

"போய் முதல்ல கம்ப்யூட்டரைச் சரி பண்ணு. நல்லா இருக்கிறவங்க பட்டியல்லேருந்து என்னை எடுத்துடு."