சச்சிதானந்தன் ஓட்டிய ஒரே வாகனம்

“கேட்டுதோ?” வேலிக்கு வெளியே காவலுக்கு நிறுத்தியிருந்த மனைவியிடம் சச்சிதானந்தன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒரு சத்தமும் கேக்கேல்லை. ஆரும் காணவுமில்லை. நான் உள்ளை வாறன், கள்ளனுக்குத் துணை வந்த மாதிரிக் கிடக்கு” என்றாள் சந்திரமதி.

அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுபடி சாவியைத் திருப்பி, ப்ளம் மரத்தடியில் வீதியில் திரும்புபவர்போல் கையை நீட்டிச் சைகை காட்டி, பவ்வியமாகத் திரும்பினார். பாவம், களவுக்குப் போகவில்லை. சொந்த வீட்டுப் புல்லைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.

சுவிஸில் ஓல்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே வீடு வாங்கிய ஒரே தமிழர் அவர், தொழிற்சாலையில் எஞ்சினியர். கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டதால், ஏறி உட்கார்ந்து புல் வெட்டும் இந்த பற்றறி மெசின்தான் அவர் வாழ்க்கையில் ஓட்டிய ஒரே வாகனம். ஊரில் புல்லுக்கு ஆடு வளர்த்தார்கள், நான் கதிரையில் இருந்து வெட்டுகிறேன் என்று அவருக்கே சிரிப்பு வரும். ஆனாலும் அதில் ஏறும்போது சப்பாத்தைத் துடைக்காமல் ஏறியதில்லை.

சத்தம் போடும் பெற்றோல் மெசின் வாங்கத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை. அந்த வருடம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். வசந்தத்தில் ஊர்க்கூட்டம் கூடும். அயலார் கையை உயர்த்தினால் அவர் சுவிஸ்காரர், உயர்த்தாவிட்டால் பழையபடி வெளிநாட்டுக்காரர்.

இந்த நேரத்தில் சத்தம் போட்டு அயலைப் பகைக்க அவருக்கென்ன விசரா? மதியத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மெசினைத் தொடுவதேயில்லை. சனிக்கிழமை பின்னேரம் தெருவே சேர்ந்து உறுமும்போதுதான், மேசை விசிறி அளவு சத்தத்தோடு அவரும் இறங்குவார். போதாக்குறைக்கு வேலி மரங்களை ஆளுயரத்துக்கும் மேலே வளரவிட்டிருந்தார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வீஸ் கிழவர் கேற்றடிக்கு வந்து, தேவையென்றால் தன்னுடைய மெசினை இரவல் தருகிறேன் என்றார். சச்சிதானந்தன் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து மார்தட்டினார்.

“கிழவனுக்கு எரிச்சல். தன்ரை புகைவண்டியை எனக்குத் தரப்போறாராம்!”

“ஓம், ஊரே உங்களைப் பாத்துத்தான் எரியுது” என்றாள் சந்திரமதி.

அடுத்த கிழமை ஊர்ச் சபையிலிருந்து சூட்டர் என்ற அதிகாரி பிரஜாவுரிமை விண்ணப்பத்தை விசாரிக்க வந்தார். சந்திரமதி கறி வாசம் போகக் காலையிலேயே யன்னல்களைத் திறந்துவிட்டிருந்தாள். சச்சிதானந்தன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கன்டன்கள் என்ற சுவிஸ் மாநிலங்களின் பெயர்களையெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார். வந்தவர் கன்டனைப் பற்றி மூச்சே விடவில்லை. யன்னலால் புல்தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஜேர்மன் மொழியில் மெல்லத் தொடங்கினார். “ஹெர் சச்சிதானந்தன், நீங்கள் புல்லு வெட்டுறதைப் பற்றி ஒரு முறைப்பாடு. ஒரு வீட்டுக்காரர் இல்லை, தெரு முழுக்கச் சொல்லுது.”

இதுகூடவா இவர்கள் காதில் விழுகிறது! பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாயைப் பொத்தி, கதவை மெல்லச் சாத்தி, படியில் பூனைபோல் இறங்கி வாழ்ந்தது எல்லாம் வீண் என்று சச்சிதானந்தனுக்கு அழுகை வந்தது.

“ஐயா, வந்து நீங்களே கேளுங்கோ. இதைவிடச் சத்தமில்லாத மெசின் உலகத்திலை இல்லை!”

அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கழுத்துப்பட்டியோடு ஏறி உட்கார்ந்து, மெசினை வெளியே எடுத்து, புல்தரையைச் சுற்றி ஓடிக் காட்டினார். பதற்றத்திலும் ப்ளம் மரத்தடியில் கையை நீட்டத் தவறவில்லை.

சூட்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். “இப்ப ஓடுதோ?”

“ஓடுது, ஓடுது!”

“இதிலை ஏறி நீங்களேதான் வெட்டுறனீங்களோ?”

“ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேணுமெண்டால் இதையும் வித்துப்போடுறன். கத்தரிக்கோலாலை வெட்டுறன்.”

சூட்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“நீங்கள் நினைக்கிற முறைப்பாடு இல்லை. சனிக்கிழமையிலை எல்லா வீட்டு மெசினும் கேக்குது, உங்கட வீட்டிலை ஒருநாளும் கேக்கிறேல்லையாம். புல்லு மட்டும் கம்பளம் மாதிரிக் கிடக்காம். புதுசாய் வந்த அகதிப் பெடியளை வேலிக்குள்ளை ஒளிச்சு வைச்சு, பதிவில்லாமல் வேலை வாங்கிறியள் எண்டு கதை.”

சச்சிதானந்தன் மெசினில் உட்கார்ந்தபடியே விறைத்துப்போனார். சமையலறை யன்னலுக்குள் சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது.

“ஐயா, நீங்கள் கண்ணாலை கண்டிட்டியள்தானே?”

“நான் நம்பிறன். ஆனால் கூட்டத்திலை கை உயர்த்தப்போறது நானில்லையே, அவையள்தானே.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

சூட்டர் வேலிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் காதோடு காதாகச் சொன்னார்.

“நல்லாச் சத்தம் போட்டு வெட்டுங்கோ.”