மலையில் பெண் பார்க்கிறார்கள்

“பொண்ணு பாக்குறதுன்னா கேசரி, பஜ்ஜி சாப்பிட்டுப் பேசுறதுதான். மலை ஏறி டென்ட் போடுறது எந்த ஊரு வழக்கம்டி? நம்ம ஆஸ்டின் டவுன் ஏரியாவே சிரிக்கும்!” என்றாள் வனஜா.

ரூபினி வாடகை டென்ட்டை ஹாலில் விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஜ்ஜி தின்னும்போது எல்லாரும் நல்லவங்கதாம்மா. மலை ஏறினாத்தான் ஆளு தெரியும். அவருகிட்டயும் சொல்லிட்டேன், உடனே சரின்னுட்டாரு.”

வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று. அட்டைப்பூச்சிக்கு உப்பும் கட்டி வைத்தாயிற்று. ஆபீஸ் வேலைக்கு நடுவே தனி ஆளாக எல்லாவற்றையும் முடித்துவிட்ட மகளை வனஜா வியப்போடு பார்த்தாள். இந்தத் துணிச்சல் இவளுக்கு எங்கிருந்து வந்தது?

“யார் யாருடி வர்றாங்க?”

“அவரு, அவரோட பொண்ணு, நாம ரெண்டு பேரு. அவ்வளவுதான்.”

ரூபினி கீழே உட்கார்ந்து, புது ஷூவை அம்மாவின் காலில் மாட்டி முடிச்சுப் போட்டாள்.

வனஜாவின் முகம் சிவந்தது. “இந்த வயசுல நான் மூச்சு வாங்கிப் பாதி வழியில நின்னுட்டா, அவரு என்ன நினைப்பாரு?”

“நீ நிக்கும்போது அவரும் நிக்கிறாரான்னு பாக்கத்தாம்மா இந்த மலை. அப்பா போனப்புறம் நீ தனியா ஏறினது போதும்.”