முன்வரிசை விறகு

"அடுப்புல நெருப்பே இல்லையே, நான் எதைக் கிளறுறது?"

தன் மகன் ரன்கோ ஆறு வயதில் கேட்ட கேள்வியைக் கீச்சுக்குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தார் ஒப்ராட் கிழவர்.

கிறிஸ்துமஸ் காலையில் ஒரு வீட்டுக்கு முதலில் வரும் விருந்தாளி, ஓக் குச்சியால் அந்த வீட்டு அடுப்பைக் கிளற வேண்டும். எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை நன்மை அந்த வீட்டுக்கு. அந்த வருடம் ரன்கோவின் கையில் குச்சியைக் கொடுத்து அனுப்பியவர் ஒப்ராட்தான்.

"பாவம், யார் வீட்டுல தாத்தா?" என்று கேட்டாள் நகராட்சியிலிருந்து வந்திருந்த ஸோர்கா.

"நாப்பது வருஷம் ஆச்சு. யார் வீடோ, மறந்துபோச்சு. நீ இன்னொரு வாய் குடி. மூக்கு தக்காளி மாதிரி சிவந்து கெடக்கு உனக்கு."

டிராக்டர் ஓட்டி வந்த மிலூன் சிரிக்கவில்லை. விறகுப்பாரத்தின் கயிற்றை, இறுகி இருந்ததையே மறுபடி இறுக்கிக் கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தவர்களை உள்ளே கூப்பிடாமல், பனி கொட்டும் முற்றத்துக்கே பிளம் சாராயத்தைக் கொண்டுவந்து ஊற்றுகிறாரே பெரியவர் என்று அவனுக்குள் ஏதோ உறுத்தியது.

"தாத்தா, நகராட்சி விறகுல இதுதான் கடைசி லோடு," என்றாள் ஸோர்கா. "மீதி இருக்கறது நீங்களும் ஸ்தானா அம்மாவும்தான். யாருக்கு இறக்கட்டும்?"

"இதென்னம்மா கேள்வி? கண்ணு தெரியலையா உனக்கு?"

கொட்டகைச் சுவரோரம் தோளுயரத்துக்கு, வெட்டுமுகம் தெரிய, சீப்பால் வாரிவிட்டது போல அடுக்கியிருந்தது விறகு. சாலையில் போகிறவர்கள் அந்த அடுக்கைப் பார்த்துத்தான் வீட்டுக்காரரின் குளிர்காலத்தைக் கணக்கிடுவார்கள்.

"ஸ்தானாவுக்கு முழங்கால் போச்சு. அவளுக்கு இறக்கு. எனக்கு ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, ஜன்னலைத் தொறந்து வச்சுட்டுத் தூங்கறேன். வியன்னாவுல இருக்கற என் பையன்கூட இவ்வளவு சொகுசா இருக்க மாட்டான்."

"அப்பாடா!" என்றாள் ஸோர்கா. டிராக்டரின் அந்தப் பக்கம் போய்ப் பட்டியலில் குறித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

சரிவில் டிராக்டர் மெல்லப் பின்னால் நழுவியது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவினான் மிலூன். கை முழங்கைவரை உள்ளே போயிற்று. பின்னால் இரண்டாவது வரிசை இல்லை. சோளத்தட்டையும் ஓர் உடைந்த பீப்பாயும் வெறும் இருட்டும்தான் இருந்தன.

கிழவர் ஓட்டமாக வந்து அந்த இடைவெளியை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"எங்க உருவினியோ அங்கயே செருகுடா."

"சக்கரத்துக்கு முட்டு வைக்கலாம்னு..."

"அதோ கல்லு கெடக்கு. டிரைவராம் டிரைவர்!"

"பெரியப்பா, பின்னாடி ஒண்ணுமே..."

"பின்னாடி என்ன? ஸ்தானா காத்துக்கிட்டிருப்பா, கெளம்பு." குரல் தணிந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறந்தே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

மிலூனின் கழுத்தில் பட்ட கிழவரின் விரல்கள் இரும்புபோல் சில்லிட்டிருந்தன. அவன் கட்டையைச் செருகினான்.

"கொடுத்து வச்ச மனுஷர்," என்றாள் ஸோர்கா, வழியில். "எவ்வளவு விறகு!"

"ஆமாம்மா," என்றான் மிலூன். திரும்பிப் பார்த்தபோது, கிழவர் அந்தக் கட்டையை மற்றவற்றோடு சமமாக உள்ளங்கையால் தட்டிக் கொண்டிருந்தார். புகைபோக்கியின் தலையில் பனி உருகாமல் உட்கார்ந்திருந்தது.

ஸோர்காவிடம் சொல்லிப் பாதி விறகைக் கிழவருக்கு இறக்கிவிடலாம்தான். ஆனால் ஸ்தானாவின் பங்கில் ஒரு கட்டை குறைந்தது என்று தெரிந்தாலும் அதைத் தோளில் சுமந்து போய் அவள் வாசலில் போட்டுவிடுகிற ஆள் அவர். கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்.

மறுநாள் விடியலில் தேவாலய மணி அடித்தது. ஊரே பூசைக்குப் போயிற்று. தடியை ஊன்றிக்கொண்டு ஒப்ராட்டும் போனார்.

"நீ போ, நான் மாட்டைப் பார்த்துட்டு வர்றேன்," என்று மனைவியை அனுப்பினான் மிலூன்.

பிறகு தன் கொட்டகையிலிருந்த நல்ல காய்ந்த ஓக் விறகைச் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்தான். டிராக்டர் என்றால் சத்தம் கேட்கும். ஒப்ராட்டின் வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, முன்வரிசையைத் தொடாமல், பின்பக்கத்தைக் கீழிருந்து அடுக்கிக்கொண்டே வந்தான். விறகு தீரத் தீரப் போய் எடுத்துவந்தான். அவன் தடத்தை ஆண்டவரின் பனி அவன் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

கடைசிக் கட்டையை வைத்து, அது உள்ளங்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். தூரத்தில் பாட்டு எழுந்தது. தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

நாற்பது வருடத்துக்கு முன் ரன்கோ குச்சியோடு திகைத்து நின்றது மிலூனின் விதவைத் தாயின் சமையலறையில். அன்று மாலையே அவர்கள் வாசலில் வந்து கிடந்த விறகை யார் போட்டது என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. மறுநாள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் இதே அடுக்குக்குப் பின்னால் ஒளியப் போன சிறுவன் மிலூன் மட்டும் பார்த்திருந்தான், முன்வரிசை கலையாமல் பின்பக்கம் முழுதும் காலியாகிக் கிடந்ததை.