கையெழுத்து மட்டும் போதும்

வலது கையை மட்டும் கோட்டுப் பையை விட்டு வெளியே எடுத்துவிடக் கூடாது. பாரிஸில் ரயில் ஏறியதிலிருந்து கெர்வெல்லா தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் இருக்கைப் பெண்ணோ அவர் முகத்தை விட்டுவிட்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். நடுவிரல் நகத்தோரம் கறுப்பு மசி ஒட்டியிருந்தது. பத்திரிகைக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஜனவரிக் கடைசியில், படக்கதைத் திருவிழா நடக்கும் அங்கூலேமுக்குப் போகும் ரயிலில் வேறு யார் இருப்பார்கள்? படக்கதை போடுகிறவர்கள், படக்கதை விற்கிறவர்கள், மீதிப் பேர் படக்கதைப் பைத்தியங்கள். எழுந்து போய் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கிடையாது. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுத் தூங்குவது போல் நடித்தார்.

"சார், நீங்க கெர்வெல்லாதானே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், ஆமாம் என்று சொல்லித் தொலைத்தார். நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அந்த ஒரே பதிலைச் சொல்லித்தான் பழக்கம்.

கப்பல் சமையல்காரன் பிபோலைப் படைத்தவர் அவர். பிபோலின் கோணல் மூக்கைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை பிரான்சில் இல்லை. ஆனால் அந்த மூக்கை அவர் வரைந்து மூன்று வருடம் ஆகிறது. பக்கவாதம் வந்தது, போனது, போகும்போது கையில் நடுக்கத்தை விட்டுவிட்டுப் போனது.

வெளியே தெரிந்தால் பிபோல் அன்றோடு செத்தான் என்றார் பதிப்பாளர் அம்மாள். அவரே யாரையோ பிடித்துப் புதுப் புத்தகத்தை வரைய வைத்தார், அட்டையில் கெர்வெல்லாவின் பெயரைப் போட்டார். யார் வரைந்தது என்று கெர்வெல்லா கேட்கவே இல்லை. தெரிந்துகொண்டால் தூக்கம் போய்விடும் என்று பயம்.

அந்தப் புத்தகம் சும்மா இருந்ததா? வருடத்தின் சிறந்த படக்கதைக்கான பரிசு வரிசையில் போய் நின்றது. நாளை மாலை மேடையேற வேண்டும். இந்த நேரத்தில் குட்டு உடைந்தால் பரிசு போவது இருக்கட்டும், அவர் கையாலேயே போட்ட பழைய புத்தகங்களையும் எவனும் நம்ப மாட்டான்.

அவள் அந்தப் புதுப் புத்தகத்தையே எடுத்து அவர்முன் வைத்தாள். "கையெழுத்து மட்டும் போதும் சார். படமெல்லாம் வேண்டாம்."

கெர்வெல்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயரைக் கிறுக்க இடது கை போதும். பேனாவைத் தேடினார்.

அதற்குள் நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தடித்த மனிதர் எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா நீ, வெறும் கையெழுத்து வாங்க இவரு என்ன பேங்க் மேனேஜரா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. படம் போடுகிறவரிடம் புத்தகத்தை நீட்டினால் முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டுத் தருவதுதான் அந்த நாட்டு வழக்கம். அதற்காக மழையில் அரை நாள் வரிசையில் நிற்பார்கள். தடித்தவரின் சக்கரப் பெட்டி நிறைய அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் இருந்தன.

பிபோலைப் போடும்படியும், அதைத் தன் செல்போனில் படம் பிடிக்கப்போவதாகவும், அடுத்தது தன் புத்தகம்தான் என்றும் அவர் சத்தமாக அறிவித்தார். இருக்கைகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. மணிக்கட்டில் வலி என்று கெர்வெல்லா முனகிப் பார்த்தார்.

"ரெண்டு கோடு சார். நீங்க தூக்கத்துலயே போடுவீங்களே," என்றார் தடித்தவர்.

பெட்டியே சிரித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல கெர்வெல்லாவும் சேர்ந்து சிரித்தார்.

பாவம், அவரை விட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். தடித்தவர் விடுகிற ஆளில்லை. செல்போனை நீட்டிக்கொண்டு, அப்படி அந்தக் கையில் என்னதான் வைத்திருக்கிறார் என்று வேடிக்கையாகக் கேட்டார். கெர்வெல்லாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

அங்கூலேம் வரப்போகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லோரும் மூட்டை முடிச்சுக்காக எழுந்தார்கள். பெட்டியை இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், அதற்குள் ஆரம்பித்து வையுங்கள் என்று தடித்தவரும் முதுகைத் திருப்பினார்.

இனி வழியில்லை. கெர்வெல்லா வலது கையை வெளியே எடுத்தார். அது காய்ச்சல்காரன் கை போல் உதறியது. பையில் கிடந்த பென்சிலைப் பிடித்து, இடது கையால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு, பிபோலின் மூக்கைத் தொடங்கினார்.

மூக்கு வரவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கிறுக்கல்தான் வந்தது. அந்தப் பக்கம் சக்கரப் பெட்டி தொப்பென்று தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னால முடியாதும்மா," என்றார். மூன்று வருடத்தில் முதல்முறையாக அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. பத்திரிகையில் போட்டுக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் விரல்களிலிருந்து பென்சிலை மெல்ல உருவினாள்.

"பரவாயில்ல சார், இதையும் நானே வரைஞ்சிடறேன்."