துடிப்புக்கு முன்

ஒலி எழுவதற்கு முன்பே எலியின் மூளை விழித்துக்கொண்டது.

முதுகலை மாணவி செரிம் திரையை மூன்றாவது முறை பெரிதாக்கிப் பார்த்தாள். சந்தேகமில்லை. கால் நொடிக்கும் குறைவுதான். ஆனாலும் முன்பே.

தேஜான் நகரத்து ஆய்வகத்தில் அந்தப் பெட்டிக்குள் ஓர் ஒலி கேட்கும். ஐந்து நொடி கழித்துத் தரையில் லேசாக மின்சாரம் பாயும். அதற்குள் எலி மறுபக்கம் தாவிவிட்டால் தப்பித்தது.

ஒலிக்கச் சொல்லி உத்தரவு போகும் அதே கணத்தில், ஒரு கம்பி வழியே சிறு மின்துடிப்பு மூளையைப் பதிவுசெய்யும் கணினிக்கும் போகும். ஒலியின் நேரத்தையும் மூளைப் பதிவின் நேரத்தையும் பொருத்துவது அந்தத் துடிப்புதான்.

முதலில் கம்பியைத்தான் சந்தேகப்பட்டாள். காலை முழுக்கச் சோதித்தாள். துடிப்பு இம்மி பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் எலிக்கு எப்படித் தெரிகிறது? ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே இடைவெளிகூட ஒவ்வொரு முறையும் வேறுவேறு.

மதியம் சாப்பிடப் போகாமல் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். வௌவால்களை ஆராய்கிறவர்களிடம் ஓர் ஒலிவாங்கியை இரவல் வாங்கி வந்தாள். எலிக்கான அந்த ஒலி மனிதக் காதுக்கு எட்டாதது.

பெட்டியைச் சாத்திச் சோதனையை ஓட்டினாள். மூளை விழித்தது. துடிப்பு வந்தது. எலி தாவியது.

ஒலிவாங்கியின் கோடு மட்டும் தட்டையாகக் கிடந்தது.

முழுக்கத் தட்டையில்லை. துடிப்புக்குச் சற்று முன் கோட்டில் முள்போல ஒரே ஒரு எழுச்சி. தரைக்கு மின்சாரத்தைத் தயார்செய்யும் சுவிட்ச் விழும் சத்தம்.

பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தாள். ஒலிபெருக்கியின் கம்பி தவறான துளையில் இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

ஒலி ஒரு நாளும் வந்ததில்லை. உத்தரவு போனதை மட்டுமே துடிப்பு சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில், இந்தச் சோதனையை நடத்தும் மூத்த மாணவி மா யேசுல் தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளில் முனைவர் பட்டத் தேர்வு. எட்டு மாத உழைப்பு, முப்பத்தொரு எலிகள். தலைப்பிலேயே 'ஒலி' இருந்தது.

செரிம் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போய்க் கூப்பிட்டாள்.

யேசுல் வந்து பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். பெட்டிக் கதவைத் திறந்து காதை உள்ளே நுழைத்தாள்.

டிக்.

"அடி கள்ளி," என்றாள் எலியிடம். "எட்டு மாசமா இதையாடி கேட்டுக்கிட்டு இருந்தே?"

முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் கண் எலியை விட்டு நகரவில்லை. அங்கே நின்றபடியே பேராசிரியருக்குப் போன் செய்து, தேர்வைத் தள்ளிவைக்கச் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை ஓட்டு என்று சைகை காட்டினாள்.

கம்பியைச் செருகியது யார் என்று அவள் கேட்கவே இல்லை.

"நான்தான் அக்கா," என்றாள் செரிம். "நான் இங்க சேர்ந்த முதல் நாள்."